பரிசு என்று சொன்ன வாய்

காரைக்குடியில் ஒரு சைக்கிள் கடையில் பில் போடுகிற வேலைக்கு நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே, அங்கே வேலை பார்த்த ஒருவரால் ஒரு வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கினேன். இருபத்தாறு இஞ்ச் ட்யூப் இருக்கிறதா என்று கேட்டு ஒரு பெரியவர் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, விற்பனையைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் கேட்டேன். "நெறஞ்சிருக்கு தாயி" என்றார். பெரியவரை உட்காரச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். கால் மணி நேரம் கழித்து பெரியவர் எழுந்து வந்து, ட்யூப் வருமா, வீட்டுக்குப் போகட்டுமா என்று சத்தம் போட்டார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. நிறைந்திருக்கிறது என்றால் சுத்தமாக ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அரிசிப் பானை காலியானால் எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். அரிசிக்குச் சரி, சைக்கிள் ட்யூபுக்குமா என்று அண்ணனிடம் கேட்டேன். "இல்லைங்கிற சொல்லு எதுக்குத் தாயி வாயில?" என்று சிரித்தார்.

கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணன். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்; இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அது ஆறவில்லை.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். நேமத்தான்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். தச்சு வேலை செய்கிற குடும்பம். அவர் மட்டும் உளியைத் தொடாமல் சைக்கிள் விற்க வந்துவிட்டார். அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட சொல் வராது. நான் சொல்வது வசவு வார்த்தையை அல்ல. பஞ்சர் என்று சொல்ல மாட்டார். "காத்து கொஞ்சம் கோவிச்சுக்கிச்சு" என்பார். டயர் வெடித்தால் அது சத்தம் கொடுத்துவிட்டது. கடையை மூடுவதில்லை, எடுத்து வைக்கிறோம். திருடு போன சைக்கிள் வேறு வீட்டில் இருக்கிறது. யாராவது இறந்துபோன செய்தி வந்தால் அதற்கு மட்டும் அவரிடம் சொல்லே கிடையாது. மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். யார் என்று நாங்கள்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புது சைக்கிள் எடுப்பவர்களுக்கு அந்த வாய்தான் வேண்டியிருந்தது. ஹேண்டில்பாரில் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பிள்ளையை ஏற்றி உட்கார வைத்துவிட்டு அவர் பேசுவார். இந்த வண்டி ஏறின நேரம் பாப்பா பெரிய படிப்புப் படிக்கும், ஒருநாள் இந்தக் கடை வாசலில் காரில் வந்து இறங்கும், அப்போது இந்த மாமாவை மறக்கக் கூடாது என்பார். ஆத்தாமார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தேவகோட்டையிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். அங்கே சைக்கிள் கடையே இல்லையா என்று நான் ஒருவரிடம் கேட்டதற்கு, கடை இருக்கிறது, இந்த அண்ணன் வாய் இல்லையே என்றார். முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் அதற்கு நேர் எதிர். வெடுக்கென்று பேசிவிடுகிறவள். என் அம்மாவே, உன் வாய்க்கு மாமியார் வீட்டில் மூன்று நாள் தாங்க மாட்டாய் என்பாள். அதனால் எனக்கு அவரைக் கேலி செய்வது ஒரு பொழுதுபோக்கு. மழை வருமா அண்ணே என்று கேட்டால், "வெயிலுக்கு இன்னிக்கு லீவு குடுக்கலாம்னு இருக்கு" என்று பதில் வரும். வேண்டுமென்றே ஏடாகூடமாகக் கேட்டு, அவர் எப்படிச் சுற்றி வளைத்துத் தப்பிக்கிறார் என்று பார்ப்பேன்.

ஆனால் என் கல்யாணப் பேச்சு ஒன்று நிச்சயம் வரை வந்து முறிந்தபோது, என்னை எழுந்து நடக்க வைத்தது அவர்தான். வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடையில் பில் புத்தகத்தின் மேல் கண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, "இது போகலைத் தாயி. பின்னாடி வர்றதுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னிருக்கு. ஒனக்குன்னு ஒருத்தன் எங்கயோ சட்டையத் தேச்சுக்கிட்டு நிக்கிறான்" என்றார். சிரித்துவிட்டேன். பொய்தான். ஆனால் அந்தப் பொய் இல்லாவிட்டால் அந்த மாதத்தை நான் கடந்திருக்க மாட்டேன். இதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் நான் சொல்லப் போவது அவருக்குச் செய்கிற துரோகமாகிவிடும்.

கடையில் காற்றடிக்கிற மோட்டார் ஒன்று இருந்தது. அதன் சுவிட்சைத் தினமும் அவரே வந்து போடுவார். "அத நீ தொட வேணாம் தாயி, அது ஏங் கைக்குப் பழகினது" என்று சொல்லியிருந்தார். ஏதோ பூஜை, ராசி சமாச்சாரம் என்று நினைத்தேன். ஒருநாள் அவர் வரவில்லை. சுவிட்சில் விரல் வைத்ததுதான் தெரியும், பின்னால் இருந்த டயர் அடுக்கின் மேல் போய் விழுந்தேன். கை ஒரு மணி நேரம் மரத்துக் கிடந்தது. மறுநாள் அவரிடம், ஷாக் அடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று சண்டை போட்டேன். "அதான் தொட வேணாம்னு சொன்னேன்ல. அந்த வார்த்தைய எப்படி ஒன்னயப் பாத்துச் சொல்றது?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அந்தக் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனியிலிருந்து மெயிலில் வந்தது. பெண் பிள்ளைகள் ஓட்டுகிற ஒரு மாடல், முன்னால் கூடை வைத்தது. அதன் பிரேக் லீவரில் கோளாறு. கைப்பிடியில் நாம் விரலால் அழுத்துகிறோமே, அந்த லீவர்தான். ஒரு குறிப்பிட்ட தடவை வார்த்த லீவர்களில், ஆணி போகிற இடம் பலமாக இல்லை. அழுத்த அழுத்த உள்ளுக்குள் விரிசல் விட்டு, ஒருநாள் கையோடு வந்துவிடும். வாங்கியவர்கள் எல்லோரையும் உடனே கூப்பிட்டு, சைக்கிளை ஓட்டுவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். உருட்டிக்கொண்டு வந்தால் இலவசமாகப் புது லீவர் மாட்டிக் கொடுக்க வேண்டும். லீவர்கள் பார்சலில் வருகின்றன. இவ்வளவுதான் கடிதம்.

எங்கள் கடையில் அந்த மாடல் நாற்பத்தொன்று போயிருந்தது. முதலாளி பில் புத்தகத்திலிருந்து போன் நம்பர்களை எடுக்கச் சொல்லி, பட்டியலை இரண்டாகக் கிழித்தார். இருபது எனக்கு. இருபத்தொன்று அண்ணனுக்கு.

நான் என் வழியில் சொன்னேன். பிரேக் உடைந்துவிடும், பிள்ளையை ஏற விடாதீர்கள், இன்றைக்கே கொண்டுவாருங்கள் என்றேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பேசுகிற பேச்சா இது என்றார் ஒருவர். விற்கும்போது கண் அவிந்திருந்ததா என்றது ஒரு ஆச்சி. கேஸ் போடுவேன் என்று இரண்டு பேர். எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றேன். திட்டினார்களே தவிர, நான்கே நாளில் இருபது சைக்கிளும் வந்து சேர்ந்தன.

அண்ணன் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு, கடையின் உள்பக்கம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து போன் பேசினார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம்தான் வந்தது. பிள்ளை எப்படிப் படிக்கிறது, மருமகள் ஊரிலிருந்து வந்தாச்சா என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். முதலாளி என்னைப் பார்த்து, பேசினால் அப்படிப் பேச வேண்டும், நீயும்தான் இருக்கிறாயே என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

மூன்று வாரமாகியும் அவருடைய பட்டியலில் ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். நான் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். "வருவாக தாயி, வருவாக. எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்றார். சொல்லியாயிற்று என்றால் சொல்லியாயிற்று என்றுதானே நினைப்போம்? நான் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, கட்டட வேலைக்குப் போகிற ஒரு அம்மா கடைக்கு வந்தாள். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் பழைய சட்டை சேலைக்கு மேல் அப்படியே இருந்தது. கையில் ஒரு பிரேக் லீவர். சத்தம் போடவில்லை, அழவில்லை. லீவரை என் மேஜை மேல் வைத்தாள். ஒன்பதாவது படிக்கிற அவளுடைய மகள், அன்று காலை ரயில்வே மேம்பாலத்து இறக்கத்தில் வந்துகொண்டிருந்தாளாம். கீழே ஒரு லோடு ஆட்டோ நின்றிருக்கிறது. பிரேக்கை அழுத்தியதும் லீவர் கையோடு வந்துவிட்டது. ஆட்டோவின் பின்பக்க இரும்பில் முகம் போய் மோதியதில் தாடை உடைந்து, முன்பல் நான்கும் போய்விட்டன. உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. போன் பண்ணினார்களே அம்மா, ஓட்டக் கூடாது என்று சொன்னார்களே, ஏன் ஓட்ட விட்டீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"அண்ணன் கூப்புட்டாக. கம்பெனிக்காரவுக புதுசா லீவரு பரிசாக் குடுக்குறாக, நேரங் கெடைக்கிறப்ப வந்து வாங்கிக்கங்கன்னுதான் சொன்னாக. பரிசுதான, எங்குட்டுப் போயிறப் போகுதுன்னு இருந்துட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தொரு பேருக்கும் அதையே சொல்லியிருக்கிறார். இருபத்தொரு வீட்டிலும் பரிசு என்று சந்தோஷப்பட்டு, பிள்ளையைத் தினமும் அதே சைக்கிளில் அனுப்பியிருக்கிறார்கள். வந்த ஐந்து பேரும் இலவசம் என்பதற்காக வந்தவர்கள். மூன்று வாரமாக இந்த மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

முதலாளி கேட்டதற்கு, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, பிள்ளை விழுந்துவிடும் என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். நான் கத்தினேன். உங்கள் வாய் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளையின் வாயை உடைத்துவிட்டீர்களே என்றேன். கடையில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் நிமிரவில்லை. அப்படிச் சொன்னதற்காக நான் பின்னால் வருத்தப்பட்டிருக்கிறேன். ஆனால் அது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

மீதி பதினைந்து பேரையும் அன்றைக்கே நான் கூப்பிட்டேன். அங்கேயும் எனக்கு அடி விழுந்தது. அண்ணன் நல்லபடியாகப் பரிசு என்று சொன்னார், நீ என்ன பயமுறுத்துகிறாய் என்று நாலைந்து பேர் என்னையே சந்தேகப்பட்டார்கள். அடிபட்ட பிள்ளையைப் பற்றிச் சொன்ன பிறகுதான் நம்பினார்கள். மாலைக்குள் பதினான்கு சைக்கிள் வந்துவிட்டது. அதில் ஒருவர் அதே சைக்கிளை மிதித்துக்கொண்டே வந்தார்.

ஒரே ஒரு நம்பர் மட்டும் எடுக்கவேயில்லை. கண்டனூரில் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். பிளஸ் ஒன் படிக்கிற மகளுக்காக வாங்கியிருந்தார். முகவரி பில்லில் இருந்தது. மறுநாள் காலை முதலாளி என்னை ஸ்கூட்டியில் போகச் சொன்னார். அண்ணன், புது லீவரையும் ஸ்பானரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கேட்காமலே வந்து பின்னால் உட்கார்ந்தார்.

ஊரைத் தாண்டினோம். பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து, யாருக்கோ சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தார். அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில், நேமத்தான்பட்டியில் ஒரு வீட்டுக்கு வாசல் நிலை வைத்தார்களாம். அவருடைய அப்பா செய்த தேக்கு நிலை. பூ, மஞ்சள் எல்லாம் கட்டி, கயிறு போட்டுத் தூக்கும்போது, கயிறு அறுந்துவிடும் அப்பா என்று இவர் சொல்லியிருக்கிறார். சொல்லி முடிப்பதற்குள் கயிறு அறுந்து, நிலை அப்பாவின் காலில் விழுந்தது. அந்தக் கால் கடைசிவரை நிமிரவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டு நிலை வைப்புக்கும் இவரைக் கூட்டிப் போகவில்லை.

"கயிறு நைஞ்சிருந்ததப் பாத்துத்தானேண்ணே சொன்னீக?" என்று கேட்டேன்.

"பாத்துத்தான் சொன்னேன். நாஞ் சொன்னதாலதான் அறுந்துச்சு" என்றார்.

அதில் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை. நேற்று அவரைப் பார்த்துக் கத்தியது எனக்கு ஞாபகம் வந்தது.

கண்டனூரில் அந்த வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் நாதஸ்வரம் கேட்டது. வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு, அன்றைக்குக் கல்யாணத்துக்காகத் திறந்திருந்தது. காலையில்தான் தாலி கட்டியிருந்தார்கள். போன் எடுக்காததன் காரணம் புரிந்தது. வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனமும் கல்கண்டும் நீட்டினார்கள். நாங்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாங்க, வாங்க, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று வயதான அப்பச்சி ஒருவர் எங்களை உள்ளே கூட்டிப் போனார்.

அண்ணன் என் காதருகே, "நீ சொல்லு தாயி. நீதான் சொல்லுவேல்ல" என்றார்.

தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் எதிரே வந்தார். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். இருபது பேரிடமும், பிறகு பதினான்கு பேரிடமும் கூசாமல் சொன்னவள் நான். என் கையில் கல்கண்டு இருந்தது. மணமேடைக்குப் பக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. பாப்பா எங்கே என்று மட்டும் கேட்டேன். இங்கேதான் எங்காவது இருக்கும், முதலில் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார். பந்தி முடியட்டும் அண்ணே, அப்புறம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நானே சொன்னேன். நான்தான் சொன்னேன். இதை எழுதும்போதுகூட என்னை எனக்கு நம்ப முடியவில்லை.

வீட்டின் இரண்டாம் கட்டில், உள்முற்றத்தில் பந்தி. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து இலை போட்டார்கள். சோறு விழுந்துவிட்டது. அப்போது வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் மறுபடியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எங்கள் வரிசைக்கு வந்தார். பாப்பாவைப் புதுவயலுக்கு வெற்றிலை வாங்க அனுப்பியிருக்கிறார்களாம். இப்போதுதான் கிளம்பியதாம். அண்ணன் ராசியாக எடுத்துக் கொடுத்த சைக்கிள், நிமிஷத்தில் போய்விட்டு வந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னார்.

புதுவயல் ரோட்டில் அரிசி ஆலை லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அப்போதும் நான் பேசவில்லை.

அண்ணன் இலையின் முன்னாலிருந்து எழுந்தார். பந்தியில் நடுவில் எழுந்திருப்பதே அங்கே பெரிய குற்றம். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஒங்க மக அந்தச் சைக்கிள்ள போனாச் செத்துப் போயிரும்" என்றார். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக. "பிரேக்கு ஒடைஞ்சு, லாரிக்குள்ள போயிச் செத்துப் போயிரும். பரிசுன்னு நாஞ் சொன்னது பொய்யி. யாராச்சும் வண்டிய எடுத்துக்கிட்டு ஓடுங்க."

முன்கட்டில் நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர்க் கேன் கீழே விழுந்து, இலைகளுக்கு நடுவில் தண்ணீர் ஓடியது. யாரோ ஒரு பையன் மோட்டார் சைக்கிள் சாவியோடு ஓட, அவன் பின்னால் அந்த அப்பாவும் ஓடினார். நான் அண்ணனைப் பார்த்தேன். அந்த ரோட்டில் அந்த நிமிஷம் அந்தப் பிள்ளை சாகும் என்று அவர் உண்மையாகவே பயந்தார். அந்தப் பயம் பிரேக்கினால் வந்ததல்ல. தன் வாய் சொல்லிவிட்டதே என்றுதான் பயந்தார். பயந்துகொண்டேதான் சொன்னார்.

கால் மணி நேரம் ஆனது. யாரும் சாப்பிடவில்லை. பிள்ளை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஆலைகளுக்கு முன்னாலேயே மடக்கிவிட்டார்களாம். சைக்கிளை இன்னொரு ஆள் உருட்டிக்கொண்டு வந்தான். இடது பக்க லீவரில் ஆணிக்குப் பக்கத்தில் நகம் நுழைகிற அளவுக்கு விரிசல் இருந்தது. நான் அதைத் தொட்டுக் காட்டினேன். அந்த அப்பா பார்த்தார். தலையாட்டினார்.

மாட்டித் தந்துவிடுகிறேன் என்று அண்ணன் பையைத் திறக்கப் போனார். கல்யாணப் பெண்ணின் தகப்பனார் வந்து கையைக் காட்டித் தடுத்தார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சியாக இருந்தது. மிக மரியாதையாக, "நீங்க கெளம்புங்க" என்று பக்கவாட்டுக் கதவைக் காட்டினார். "தாலி ஏறுன வீட்டுல இந்த வார்த்தையா" என்று ஒரு வயதான ஆச்சி தலையில் கை வைத்துக்கொண்டது. நாங்கள் வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன். அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பெண் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என் இடத்தில் தெளிக்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் அவர் என்னைத் தொல்லை செய்தார். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனதா என்று போன் செய்து கேட்கச் சொல்வார். நான் ஏதாவது சாக்குச் சொல்லி விசாரிப்பேன். போயிருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்றால் அன்றைக்கு மட்டும் சாப்பிடுவார். மேம்பாலத்தில் விழுந்த பிள்ளைக்குத் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தினமும் போய், உள்ளே நுழையாமல் வாசலில் நின்றுவிட்டு வந்தார் என்று அவளுடைய அம்மாதான் பிறகு சொன்னாள். அந்த அம்மா அவரை மன்னித்துவிட்டாள். பரிசு என்று பொய் சொன்னதை எல்லோருமே மன்னித்துவிட்டார்கள்.

கண்டனூரில் சொன்னதைத்தான் யாரும் மன்னிக்கவில்லை. பேச்சு எப்படித்தான் பரவியதோ, அடுத்த வாரமே புது சைக்கிள் எடுக்க வந்த ஒரு தம்பதி, எலுமிச்சம்பழத்தை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். பிறகு எல்லோரும் அப்படியே. அண்ணன் பக்கத்தில் வந்தாலே பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். முதலாளி அவரை முன்னால் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைக்குப் பின்னால் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் புது சைக்கிளுக்குப் பாகங்கள் பூட்டுகிற வேலைக்கு அனுப்பினார்.

ஒன்றரை மாதம் கழித்து கண்டனூர்க்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சைக்கிளை ஒரு ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தார். இத்தனை நாளும் பூட்டியே வைத்திருந்தாராம். அண்ணனுக்கு நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் உள்ளே கூப்பிடப் போனேன். அவர் பதறிப்போய் என்னைத் தடுத்தார்.

"அவுக இருக்காகளா? இருந்தா நான் பெறகு வாரேன். நல்ல மனுசந்தான், இல்லைங்கல. ஆனா ஏம் மக அவுக கண்ணுல பட வேணாம். அவுக வாயில மறுபடி எம் புள்ள விழுந்துறக் கூடாது தாயி."

பலகைத் தடுப்புக்கும் எனக்கும் நாலடிதான். உள்ளே ஸ்பானர் சத்தம் நின்றது. எனக்கு ஆத்திரமாக வந்தது. உங்கள் மகள் உயிரோடு நிற்பது அந்த வாயால்தானே என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. "அவுக இன்னிக்கு வரலை" என்றேன்.

சைக்கிளை வாங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பழைய லீவர் இரண்டையும் கழற்றி, புதியதை மாட்டினார். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்தார். மறுபடி சுற்றிவிட்டுப் பிடித்தார். அப்படி இருபது தடவையாவது பார்த்திருப்பார். வெளியே அந்தப் பிள்ளை, யாரக்கா உள்ளே வேலை பார்க்கிறது என்று கேட்டாள். புதுசாக வந்த ஆள் என்று சொன்னேன். அவர் சைக்கிளைத் தடுப்பின் ஓரம்வரை தள்ளி நிறுத்திவிட்டு, வெளியே தெரியாதபடி இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். நான் போய் எடுத்துவந்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன்.